ஆனைக்குடி வரை அரைத்த மாவு

முள்ளிக்குளத்து அண்ணன் தம்பி மூவருக்கும் மூளை இல்லை என்று ஊரார் சொல்வது அபாண்டம். இருந்தது. தேய்ந்துவிடுமே என்று எடுக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மூத்தவன் சவரிராயனின் மனைவி எமில்டா அன்று மதியத்திலிருந்தே வாசலுக்கும் கிரைண்டருக்கும் நடையாய் நடந்தாள். விடிந்தால் குழந்தைக்கு ஞானஸ்நானம். கோயில் முடிந்து நாற்பது பேர் இட்லி சாப்பிட வருவார்கள். அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடக்கின்றன. டிரான்ஸ்பார்மர் வெடித்துத் தெருவுக்கே கரண்ட் இல்லை.

சைக்கிள் கடை தாவீது வந்து, சவரிராயனின் சைக்கிள் பின்சக்கரத்துக்கும் கிரைண்டருக்கும் ஒரு பெல்ட்டை மாட்டிக் கொடுத்தார். “பின்சக்கரம் தரையில படக் கூடாது. ஆனைக்குடி போற தூரம் மிதிச்சா மாவு பதமாயிரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சவரிராயன் தலைசீவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். வெளியூர் அல்லவா போகிறான்! தம்பிகள் சூசையும் மிக்கேலும் ஆளுக்கொரு பக்கமாகப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தார்கள்.

“ஸ்டாண்டு போட்டுரலாமே?” என்றாள் எமில்டா.

“ஸ்டாண்டு போட்ட வண்டி எந்த ஊருக்கு மதினி போயிருக்கு?” என்றான் சூசை.

எமில்டா யோசித்துப் பார்த்தாள். எந்த ஊருக்கும் போனதாக ஞாபகம் இல்லை. குழந்தையின் கையைப் பிடித்து அப்பாவுக்கு டாட்டா காட்டினாள்.

கல் கடகடவென்று சுற்றியது. கால் மணி நேரத்தில் சவரிராயன் பிரேக்கைப் பிடித்தான்.

“ஏன் நிறுத்திட்டீங்க?”

“ரயில்வே கேட்டு. மூணரை வண்டி வர்ற நேரம்.”

“குனிஞ்சு போயிருண்ணே, கை கடுக்குது” என்றான் மிக்கேல்.

“போலே! பிள்ளை பெத்தவன் நான். ரயில்ல அடிபடச் சொல்றியா?”

எமில்டாவுக்குப் பகீரென்றது. “அய்யய்யோ, வேண்டாங்க. ரயில் போகட்டும்.”

ரயில் போகும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். உளுந்து காயாமல் எமில்டா தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மணிக்கு மாவு வெண்ணெயாகத் திரண்டது. அவள் வழித்தெடுத்து, உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைத்தாள். “இறங்கி வாங்க, காப்பி ஆறுது.”

சவரிராயன் அசையவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. “எங்கட்டி இறங்க? நான் இப்ப ஆனைக்குடியில இல்ல இருக்கேன்!”

எமில்டா நெஞ்சில் கை வைத்தாள். “காலையில கோயில்ல சாமியார், பிள்ளைக்குத் தகப்பன் எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“பெடலைப் பின்பக்கமா மிதிண்ணே. போன வழியே வந்திரலாம்” என்றான் மிக்கேல்.

“கெடுத்தே! மாவு பழையபடி அரிசியாயிட்டா?” என்று சீறினான் சூசை.

எமில்டா ஓடிப்போய் மாவுப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நெடுநேரம் விவாதித்தார்கள். கடைசியில் சூசை முடிவு சொன்னான்: “ஒரே வழிதான். நானும் மிக்கேலும் ஆனைக்குடிக்கு நடந்துபோய் அண்ணனைக் கையோட கூட்டிட்டு வந்திர்றோம்.”

“ஊருக்குள்ள நான் எந்த இடத்துல நிக்கேன்னு உங்களுக்கு எப்படிலே தெரியும்?” என்று சைக்கிளிலிருந்து குதித்தான் சவரிராயன். “இருங்க, நானும் கூட வந்து காட்டித் தாறேன்.”

எமில்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவசர அவசரமாகப் புளிச்சோறு கட்டினாள். போகும்போது சாப்பிட மூன்று பொட்டலம். வரும்போது ஆனைக்குடியில் நிற்கிற அவரும் சேர்ந்துகொள்வாரே, அதனால் நான்கு பொட்டலம்.