தை பிறக்கட்டும் என்ற முக்குளிப்பான்

சத்தியம்! நான் சொல்லப் போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை! பொய்யாக இருந்தால் என் வாயில் மிச்சமிருக்கும் பற்களும் இப்போதே கொட்டட்டும்! கற்பூரம் கொண்டு வாருங்கள், அணைத்துக் காட்டுகிறேன்! யாரும் கொண்டு வரவில்லையா? சரி, விடுங்கள். கதைக்குப் போவோம்.

ஒரு குட்டை. அதில் ஒரு முக்குளிப்பான் குடும்பம். முக்குளிப்பானைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கைக்குள் அடங்குகிற சின்னப் பறவை. இப்போது தண்ணீர் மேல் இருக்கும், கண்ணை மூடித் திறந்தால் இருக்காது. நீங்கள் இங்கே தேடினால் அது அங்கே எழும்பும். தண்ணீரில் அது ராஜா! தரையிலோ பரிதாபம். கால்கள் உடம்பின் கடைசியில் இருப்பதால், நாலு எட்டு வைப்பதற்குள் குப்புற விழுந்துவிடும்.

அப்பா முக்குளிப்பானின் பெயர் முங்கன். அம்மாவின் பெயர் குமிழி. கார்த்திகை மழையில் பொரித்த குஞ்சுகள் இரண்டு. மூத்தவள் பாசி, இளையவன் சொட்டு. இரண்டும் அம்மாவின் முதுகில் ஏறிச் சிறகுக்குள் புகுந்துகொள்ளும். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு குட்டையைச் சுற்றி ஊர்வலம் போகும்.

மார்கழி பிறந்தது. ஒருநாள் காலையில் குமிழி கணவனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, கரையைப் பார்த்தீங்களா? கடலைக் கொல்லைக்காரர் மோட்டார் கொண்டாந்து இறக்கியிருக்கார்!”

“பார்த்தேன், பார்த்தேன்.”

“போன வருஷம் மாசியில இந்தக் குட்டை வெடிச்சுக் கிடந்துச்சு. நாம ரெண்டு பேரும் பறந்து தப்பிச்சோம். இந்த வருஷம் பிள்ளைங்க இருக்கு. இதுங்களுக்குச் சிறகு முளைக்கறதுக்குள்ள தண்ணி வத்திட்டா?”

முங்கன் சட்டென்று ஒரு முங்கு முங்கினான். கஷ்டமான கேள்வி வந்தால் அவன் அப்படித்தான்! குமிழி விடுவாளா? அவன் எழும்பிய இடத்திலேயே அவளும் எழும்பினாள்.

“பெரிய ஏரிக்குக் குடி போயிடலாங்க! அங்க கோடையிலயும் தண்ணி நிக்குமாம்.”

“பார்க்காத ஊருக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு எப்படிடீ குடி போறது? முதல்ல ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வருவோம். பிள்ளைகளுக்கும் காட்டுவோம். அதுகளுக்குப் பிடிக்கணும் இல்லையா?”

நியாயமான பேச்சு. குமிழிக்கும் அது சரியாகத்தான் பட்டது. குட்டை நிரம்பி வழிந்த தண்ணீர் ஒரு வாய்க்காலில் ஓடிப் பெரிய ஏரியில் விழுந்துகொண்டிருந்தது. பறக்கத் தெரியாத குஞ்சுகளுக்கு ஏரிக்குப் போக அது ஒன்றுதான் வழி.

புறப்படுவதற்கு முன் முங்கன் குட்டை முழுவதும் தண்டோரா போட்டுவிட்டான். “ஏரி பார்க்கப் போறோம்! ஏரி பார்க்கப் போறோம்!” நண்டுக்குச் சொன்னான். நாரைக்குச் சொன்னான். கரையில் சும்மா மேய்ந்துகொண்டிருந்த எருமைக்கும் சொன்னான். கடைசியில் தொந்தித் தவளையிடம் போனான். நாள், நட்சத்திரம் என்றால் அந்தக் குட்டையில் எல்லாரும் தவளையைத்தான் கேட்பார்கள்.

தவளை கண்ணை மூடி, தொண்டையை உப்பி, யோசித்துவிட்டுச் சொன்னது. “தாராளமாப் போய்ப் பாரு தம்பி! பார்க்கறதுக்கு நாள் வேண்டாம். ஆனா அங்கேயே தங்கிடாதே! மார்கழியில யாராவது குடி போவாங்களா? தை பிறக்கட்டும். நானே நல்ல நாள் குறிச்சுத் தர்றேன்.”

“நீங்க சொன்னா சரிங்கண்ணே!” என்றான் முங்கன்.

விடிந்ததும் கிளம்பினார்கள். ஓடுகிற தண்ணீர் அவர்களைத் தானே கொண்டுபோனது. சிறகை அசைக்கவே வேண்டாம்!

குமிழியின் முதுகில் இருந்த பாசிக்கு வாய் ஓயவில்லை.

“அம்மா, அது என்ன?”

“ரெட்டைப் பனைடி.”

“அதுக்கப்புறம்?”

“பாலம்.”

“பாலத்துக்கு அடியில ஏன் இருட்டா இருக்கு? அதுக்கப்புறம் எந்தப் பக்கம் திரும்பும்?”

சொட்டுக்கோ ஒரே கேள்விதான். “இன்னும் எவ்வளவு தூரம்?” பனை மரத்தில் கேட்டான். பாலத்தில் கேட்டான். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை கேட்டான். அப்புறம் தூங்கிப்போனான்.

ஏரி வந்தது. அம்மாடி! அக்கரை தெரியாத தண்ணீர்! நாணல் காடு போல நின்றது. அல்லி இலைகளுக்கு அடியில் பொடி மீன்கள் மின்னின. குமிழி தன் மார்பிலிருந்து மெல்லிய இறகைப் பிடுங்கி முதலில் பிள்ளைகளுக்கு ஊட்டினாள். மீன் முள் வயிற்றில் குத்தாமலிருக்க முக்குளிப்பான்கள் அப்படித்தான் செய்யும். பிறகு மீன். பிறகு தும்பிப் புழு. பிறகு மறுபடி மீன்!

முங்கன் என்ன செய்தான் தெரியுமா? பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி ஏரியைச் சுற்றிச் சுற்றிக் குறை தேடினான். நாணலை அலகால் தட்டிப் பார்த்தான். தண்ணீரை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினான்.

“தண்ணி கொஞ்சம் குளிர்ச்சி. தெக்கால காத்து கூடுதல். இந்த அல்லிப் பூ வாசம் எனக்குத் தலைவலி கொடுக்கும்னு நினைக்கறேன்.”

நாணலுக்குள்ளிருந்து ஒரு நாமக்கோழி வெளியே வந்தது. கரி போன்ற உடம்பு, நெற்றியில் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைப் பட்டை. அந்த ஏரியிலேயே பிறந்து வளர்ந்தது அது.

“யாருப்பா புதுசா?”

“பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்.”

“பார்த்துட்டுப் போகவா? விட்டுட்டு வந்த இடத்துல தண்ணி வத்துது. வந்த இடத்துல தண்ணி நிக்குது. முதுகில பிள்ளைங்க இருக்கு. இன்னும் என்னத்தைப் பார்க்கணும்? நாணலை வளைச்சுக் கூட்டைக் கட்டுங்க!”

“மார்கழி மாசம் ஆச்சே!” என்றான் முங்கன்.

“அது தண்ணிக்குத் தெரியுமா?”

“அதில்லீங்க. சொல்லிக்காம வந்து தங்கிட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“என்னமும் நினைச்சுட்டுப் போகட்டும்! நாளைக்கு வாய்க்கால் வத்தினா அந்த நாலு பேரும் வந்து உன் பிள்ளைங்களைச் சுமப்பாங்களா?”

முங்கனுக்கு முகம் சுண்டிவிட்டது. குமிழி கணவனைப் பார்த்தாள். “ஏங்க, அவர் சொல்றதும்...”

“அம்மா, இங்கேயே இருப்போம்மா!” என்று கத்தினாள் பாசி. அவள் அதற்குள் முதுகிலிருந்து குதித்து, ஒரு அல்லி இலையைத் தன் வீடு என்று சொல்லி அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சொட்டு விழித்துக்கொண்டான். புது இடம், புது முகம், கறுப்புக் கோழி! வீல் என்று அழ ஆரம்பித்தான்.

“நம்ம வீட்டுக்குப் போகணும்! நம்ம கூட்டுலதான் தூங்குவேன்!”

“ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல” என்று குமிழி சிறகை அசைத்துத் தாலாட்டினாள். “அவனுக்குத் தூக்கம் கலைஞ்சுடுச்சு. கொஞ்ச நேரத்துல தூங்கிடுவான்.”

ஆனால் முங்கன் அதற்குள் நிமிர்ந்துவிட்டான். அவன் குரலில் எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது!

“பார்த்தியா? பிள்ளைக்கே பிடிக்கலை! பிடிக்காத பிள்ளையை எப்படி வெச்சுக்கறது? வா, திரும்பிப் போவோம். தை பிறந்ததும் நல்ல நாள்ல வருவோம். அதுக்குள்ள அவனும் மனசு மாறிடுவான்.”

சொட்டு அழுதது தூக்கத்துக்கு. அது குமிழிக்குத் தெரியும். முங்கனுக்கும் தெரியும். ‘தை என்ன ரொம்ப தூரமா? இதோ வந்துவிடும்’ என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். அவள் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

திரும்பும்போது எதிர்நீச்சல். குமிழிக்கு மூச்சு வாங்கியது. ஓர் அடி போனால் தண்ணீர் அரை அடி பின்னால் தள்ளியது.

“பாருங்க! தண்ணியே உங்களைப் போகாதேன்னு தள்ளுது!” என்று நாமக்கோழி பின்னாலிருந்து கத்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாசி மட்டும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

குட்டையில் முங்கனுக்கு ஏக மரியாதை! ஏரி பார்த்து வந்தவன் அல்லவா? அவனைச் சுற்றிக் கூட்டம்.

“ஏரியா அது? கடல்! ஒவ்வொரு மீனும் இந்த எருமை தண்டி! நாமக்கோழி ஒண்ணு கால்ல விழாத குறையாக் கெஞ்சிச்சு. நான்தான் ‘பார்ப்போம், பார்ப்போம்’னு சொல்லிட்டு வந்தேன்!”

கரையில் மோட்டார் டுபுடுபு என்று இறைத்தது. மழை நின்றுவிட்டது. குமிழி தினமும் காலையில் வாய்க்கால் முகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

“ஏங்க, வாய்க்கால் மெலிஞ்சுடுச்சுங்க!”

“தை பிறக்கட்டும்.”

“ஏங்க, அடியில கல் தெரியுதுங்க!”

“இவ்வளவு நாள் பொறுத்தாச்சு. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க மாட்டியா?”

தை பிறந்தது. தவளை நல்ல நாள் குறித்துக் கொடுத்தது. முங்கன் குட்டையில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டான். நாலு பேரும் கரைக்கு வந்து வாழ்த்தி வழியனுப்பினார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. குடும்பம் வாய்க்கால் முகத்துக்கு வந்தது.

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ஈர மணல்தான் இருந்தது. மதியத்துக்குள் அதுவும் காய்ந்துவிடும் போலிருந்தது.

முங்கன் தவளையிடம் ஓடினான். தவளை பாதி உடம்பைச் சேற்றுக்குள் இறக்கியிருந்தது.

“அண்ணே! வாய்க்கால் வத்திப்போச்சு!”

“நாள் நல்ல நாள்தான் தம்பி. தண்ணிக்கு நான் என்ன பண்றது?”

“குட்டையும் வத்துதே! நீங்க எங்க போவீங்க?”

“நான் எதுக்குப் போகணும்? இப்படியே சேத்துக்குள்ள இறங்கித் தூங்கிடுவேன். அடுத்த மழைக்குத்தான் எழுந்திருப்பேன். வருஷா வருஷம் இதுதானே என் வழக்கம்!”

சொல்லிவிட்டுச் சேற்றை இழுத்துப் போர்த்திக்கொண்டது. முங்கன் அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கேயும் போகத் தேவையில்லாதவனிடம் போய், எப்போது போகலாம் என்று கேட்டிருக்கிறான்!

முங்கனும் குமிழியும் பறந்து போயிருக்கலாம். போகவில்லை. குட்டையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை, காக்கைகள் வேறு வட்டமிட ஆரம்பித்துவிட்டன. வாய்க்கால் மணலில் இறங்கினார்கள்.

குஞ்சுகள் வளர்ந்துவிட்டன, முதுகில் ஏற்ற முடியாது. சிறகோ இன்னும் முளைக்கவில்லை. நாலு எட்டு வைப்பதும், குப்புற விழுவதும், மார்பால் தேய்த்துக்கொண்டு நகர்வதுமாகப் போனார்கள்.

“எனக்கு வழி தெரியும்பா!” என்றாள் பாசி. “முதல்ல ரெட்டைப் பனை. அப்புறம் பாலம். பாலத்துக்கு அடியில இருட்டா இருந்துச்சே, அங்க தண்ணி இருக்கும்!”

சரியாகத்தான் சொன்னாள். பாலத்துக்கு அடியில் இன்னும் தண்ணீர் தேங்கியிருந்தது. பனையைத் தாண்டினார்கள். தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. “வாங்க, வாங்க!” என்று பாசி விழுந்து எழுந்து எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

வேலியிலிருந்து ஒரு கீரி வந்தது.

இதற்கு மேல் அந்த இடத்தை என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். மற்ற மூன்று பேரும் பாலத்தடித் தண்ணீரில் விழுந்து முங்கினார்கள். கீரி போன பிறகு மேலே வந்தார்கள். அங்கிருந்து ஏரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எப்படிப் போனார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

நாமக்கோழி அவர்களைப் பார்த்தது. ஏதோ கேட்க அலகைத் திறந்தது. மூன்று பேர்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் மூடிக்கொண்டது. நாணலுக்குள் இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

ஏரியில் மீனுக்குக் குறைவில்லை. சொட்டு வளர்ந்தான். முங்கக் கற்றுக்கொண்டான். சிறகும் முளைத்தது. ஆனால் அவன் அழுவதே இல்லை. பசித்தாலும் அழமாட்டான். பருந்தின் நிழல் விழுந்தாலும் சத்தம் போடமாட்டான். ஒருநாள் அம்மாவின் பக்கத்தில் மிதந்தபடி கேட்டான்.

“அம்மா, அன்னிக்கு நான் மட்டும் அழாம இருந்திருந்தா அக்கா இங்க இருந்திருப்பா, இல்லம்மா?”

குமிழி அவனைச் சிறகால் அணைத்துக்கொண்டாள். முங்கன் பக்கத்தில் வந்தான்.

“நீ தூக்கத்துக்கு அழுதேடா கண்ணா. குஞ்சுன்னா அழத்தானே செய்யும்? திரும்பிப் போகணும்னு நினைச்சவன் நான். நாலு பேருக்குப் பயந்தேன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு. உன் அழுகையைச் சாக்கா எடுத்துக்கிட்டேன்.”

“நான் தெரிஞ்சே பேசாம இருந்தேன்” என்றாள் குமிழி.

சொட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தலையை ஆட்டினான். ஆனால் நம்பவில்லை. பெற்றவர்கள் தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டான். அவர்கள் எத்தனை முறை சொல்லியும் அந்த நினைப்பு அவனை விட்டுப் போகவே இல்லை.

பெரியவர்கள் தங்கள் தயக்கத்தைப் பிள்ளையின் அழுகைமேல் ஏற்றி வைத்தால், அந்தப் பாரத்தைப் பிள்ளை ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

கதை அவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் சொன்னது யார் என்று மட்டும் ஒருவரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள்! முங்கன் காதில் விழுந்தால் பாவம், இன்னொரு தடவை நொந்துபோவான்.