உடைந்த வளையலும் வெளுத்த வானமும்

முன்னொரு காலத்தில் நெய்தலங்காடு என்ற நாட்டைத் தும்பைவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் உத்தரவு, குஷி வந்தால் பரிசு. நடுவில் யோசிக்கும் வழக்கமே அவருக்குக் கிடையாது. தலைநகரில் தெருவுக்குத் தெரு வளையல் சூளை. கண்ணாடி உருக்க விறகு எரிந்து எரிந்து, ஊரே கரி பூசிக் கிடந்தது.

ஒருநாள் ராஜா மாடியில் பாயசம் குடிக்கும்போது கிண்ணத்தில் கரித்தூள் விழுந்துவிட்டது. அவ்வளவுதான்! "சூளைகள் அத்தனையையும் இடித்துத் தள்ளுங்கள்!"

அமைச்சர் நல்லாதன் பதறிப்போனார். "அரசே, ஊரில் பாதிப்பேருக்குச் சோறு போடுவதே சூளைதான். மகாராணியின் வளைகாப்பு வரை பொறுங்கள். புகையை நான் அடக்குகிறேன்."

"அடக்காவிட்டால் சூளையும் இருக்காது, உம் பதவியும் இருக்காது!"

அன்றே முரசு முழங்கியது: "உடைந்த வளையலைச் சேர்த்தால் கண்ணாடி சீக்கிரம் உருகும், விறகு குறையும், புகையும் குறையும். அப்படி உருக்கும் சூளைக்கு வரி கிடையாது! கரும்புகை விட்டால் இரட்டை வரி!"

அடடா, ஊரில் என்ன பரபரப்பு! குப்பைமேட்டில் கிடந்த துண்டுக்கெல்லாம் அடிதடி!

பெரிய சூளைக்காரர் ஆனந்தபூபதிக்கு மட்டும் வயிறு எரிந்தது. அமைச்சர் பதவிமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். சபையில் எழுந்து, "உடைந்த வளையல் அபசகுனம் மகாராஜா! அதை உருக்கியா மகாராணி கையில் போடுவது?" என்றார்.

ராஜாவின் முகம் வாடியது. "அமைச்சரே, நாளைக்குப் பதில் சொல்லும். இல்லையென்றால் சூளைகளை இடித்துவிடுவேன்!"

கேளுங்கள் கூத்தை! அபசகுனம் பேசிய பூபதிக்கு வரிச்சலுகையும் வேண்டியிருந்தது. அவர் பேச்சைக் கேட்ட ஊரார் அவருக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லை. என்ன செய்தார்? தன் சரக்கறையிலிருந்த புது வளையல்களையே உடைத்துச் சூளை வாசலில் குவித்து, "எனக்கும் வரி கிடையாது" என்று மார்தட்டினார். விஷயம் நல்லாதன் காதுக்கு எட்டியது.

மறுநாள் அந்தக் குவியல் வண்டியோடு சபைக்கு வந்தது. நல்லாதன் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ பூபதியாரே! எல்லாம் புத்தம்புது வளையல்! வளைகாப்பு நேரத்தில் இத்தனை அபசகுனத்தை உம் கையாலேயே செய்தீரா?"

ராஜாவின் கை வாளுக்குப் போனது. பூபதி தடாலென்று காலில் விழுந்தார். "இல்லை மகாராஜா! சகுனமாவது ஒன்றாவது! வெறும் கண்ணாடிதானே? நெருப்பில் உருகி வந்தால் எல்லாம் புதுசுதான்!"

"அப்படியானால் மகாராணிக்குப் போடலாமா?" என்று கேட்டார் நல்லாதன்.

"தாராளமாகப் போடலாம், சாமி!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அமைச்சரே, பதிலை இவர் வாயிலிருந்தே வரவழைத்துவிட்டீரே!" தன் முத்துமாலையைக் கழற்றி நல்லாதன் கழுத்தில் போட்டார். பூபதியின் குவியலை உருக்கி, நாட்டிலுள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இலவசமாக வளையல் கொடுக்கச் சொன்னார். ஏமாற்றியதற்காக, ஊரில் உடைந்த வளையலைச் சேர்த்து உருக்கும்வரை இரட்டை வரியும் விதித்தார்.

மகாராணியின் வளைகாப்பன்று வானம் பளிச்சென்று இருந்தது. சூளைகள் தப்பின. பூபதியோ இரட்டை வரியிலிருந்து மீள, கூடையோடு தெருத்தெருவாக அலைந்தார்.

"உடைஞ்ச வளையல் இருக்கா, அம்மா? உடைஞ்ச வளையல்!"

ஒருத்தி சன்னலைத் திறந்து சொன்னாள்: "இருக்கு ஐயா. ஆனா காலங்காத்தாலே அதைக் கையால தொட்டா உங்களுக்கு ஆகாதே!"