அசனத்துக்கு வராதவள்

பிரதிஷ்டைப் பண்டிகையின் அசன விருந்து முடிந்து, ஆலய வளாகத்தில் பந்திப்பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பந்திவரை கறிச்சோறு குறையாமல் வந்ததில் உதவி குரு ஆசீருக்கு ஏகச் சந்தோஷம். வங்கி வேலையை விட்டுவிட்டு நடுவயதில் ஊழியத்துக்கு வந்தவர் அவர். சபையின் குருவானவரான செல்வபாக்கியம் அம்மாவிடம் ஊழியம் பழகிக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு கூட்டம் பாத்தீங்களாம்மா! ஒரு சபையைப் பலப்படுத்துறது இதுதானே?”

குருவானவர் ஒரு தூக்குவாளியில் சோறு வாங்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க, ஒரு வீட்டுக்குப் போயிட்டு வருவோம். நான் இன்னும் சாப்பிடல.”

போனது தெபோராள் வீட்டுக்கு. பாடகர் குழுவில் பல வருஷம் பாடியவள். மகன் பைக் திருடிப் போலீசில் மாட்டியதிலிருந்து அவளை ஆலயத்தில் காணோம்.

கதவைத் திறந்தவள் இருவரையும் பார்த்து வெலவெலத்துப் போனாள்.

“சபையிலேர்ந்து என் பேரை எடுத்துட்டீங்களாம்மா?”

“உன்கூடச் சாப்பிட வந்திருக்கேன். ஏன் தெபோரா, கோயிலுக்கு வரல?”

தெபோராள் ஒருமுறை ஆசீரைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

“ஐயா சொன்னது நியாயம்தாம்மா. நான் முன்னால நின்னு பாடினா, திருடனோட அம்மா பாடுறான்னுதானே பேசுவாங்க? சபைக்குத்தான் கேவலம். பாட வேண்டாம்னதும், உள்ள வந்து உக்காரவும் கூசிப்போச்சு.”

ஆசீருக்குக் காது சுட்டது. சபையின் நல்ல பேருக்காக என்று நினைத்துத்தான் சொன்னார். யாரையும் கேட்கவில்லை. சொன்னதை மறந்தும் போயிருந்தார்.

குருவானவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். அவள் முன்னால் மண்டியிட்டு, அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“தப்புப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிரு தாயி.”

“ஐயோ, எந்திரிங்கம்மா! நீங்க என்ன பண்ணீங்க?”

“மன்னிச்சிட்டேன்னு சொல்லு.”

தெபோராள் அழுதுகொண்டே தலையாட்டினாள். பிறகு உள்ளே போய் மூன்று தட்டு எடுத்து வந்தாள்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஆசீர் தன் தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

தெருமுனை வந்த பிறகுதான் கேட்டார்.

“அவங்களைப் பாட வேண்டாம்னு சொன்னது நான்தாம்மா. உங்களுக்கு அது தெரியவே தெரியாது. நீங்க எதுக்கு மண்டி போட்டீங்க?”

“மகன் திருடினதுக்கு அவளைத் தலைகுனிய வெச்சோம். நீங்க சொன்ன வார்த்தைக்கு நான் குனியக் கூடாதா?”

ஆசீர் தெபோராள் வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.