இசக்கி வேண்டுமா, வேண்டாமா

கோபத்தோடுதான் போனான் ஜெபராஜ். போன இடத்தில் அதைவிடப் பெரிய கோபம் காத்திருந்தது.

கபடிப் பயிற்சியாளர் செண்பகக்கனி மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். தன் முழங்கால் போய் ஆட்டம் நின்றபிறகு அவன் அவருடைய பெண்கள் அணிக்கே இணையப் பக்கம் நடத்துகிறான்.

ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். எதிரணிப் பக்கம் பாடிப்போன கடைசி ரெய்டில் அணியின் இசக்கி பிடிபட்டாள், கோப்பை போனது. அவள் மண்ணில் குப்புறக் கிடந்த படத்தைப் போட்டு, "இசக்கி இனி நம் அணிக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்று ஓட்டுக் கேட்டுவிட்டான் இந்தப் புண்ணியவான். கீழே பனியன் கம்பெனி விளம்பரம் வேறு.

இரண்டு லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். கண்டவனெல்லாம் எழுதியதை இங்கே சொல்ல நாக்குக் கூசுகிறது. எவனோ அவள் அம்மாவின் நம்பரைத் தேடிப்பிடித்துப் போட்டான், நல்லா இருப்பானா அவன். இன்று காலை இசக்கி, இனி ஆடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டாள்.

"பதிவை எடுக்கச் சொன்னீங்களாம்," என்றான் ஜெபராஜ். "எதுக்குக்கா எடுக்கணும்? ஜெயிச்சப்ப போட்டதை ஆயிரம் பேரு பார்த்தான். இதை ரெண்டு லட்சம். பனியன் கம்பெனிக்காரரே கூப்பிட்டுப் பாராட்டினாரு. அடுத்த வருஷமும் விளம்பரம் தர்றாராம். ரசிகனை உசுப்பிவிடாம எப்படிக்கா பக்கம் நடத்துறது?"

"போனைக் குடு."

கொடுத்தான். அவர் அவனை அங்கேயே நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். சுண்ணாம்பு விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். பிறகு அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவன் படம். அவன் பெயர், அவன் அம்மா பெயர். "இசக்கியை விரட்டியவன் இவன்தான். இவன் வேண்டுமா, வேண்டாமா?"

போட வேண்டிய பொத்தானுக்கு மேலே அவர் கட்டைவிரல் நின்றது. ஜெபராஜ் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

"வேண்டாம்க்கா."

"ஏன்? நாலு லட்சம் பேரு வருவான். கம்பெனிக்காரருக்கும் சந்தோஷம்."

"எங்கம்மா பார்ப்பாங்க."

"இசக்கிக்கு அம்மா இல்லையா?"

அவன் பிடியை விட்டான். எழுதியதை அழித்துவிட்டு அவர் போனை அவன் சட்டைப்பையில் திணித்தார். அவர் கோபம் கொஞ்சமும் தணியவில்லை.

"பதிவை எடுத்துடறேன்க்கா. மன்னிப்பும் கேட்டு எழுதிடறேன்."

"கபடியில அவுட்டானவ எங்க போவா?"

"கோட்டுக்கு வெளியே உட்காருவா."

"திரும்ப எப்ப உள்ள வருவா?"

அவனுக்குத் தெரியாததா? முதல் நாள் இதே மண்ணில் இவரிடம் கற்றது.

"கூட ஆடுறவங்க யாராவது எதிரணி ஆளை அவுட்டாக்கினா."

செண்பகக்கனி சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டார். பாதியில் நின்ற கோட்டை மறுபடி போட ஆரம்பித்தார்.

"ரெண்டு லட்சம் பேருன்னியே," என்றார், நிமிராமலே. "அவளைத் திரும்ப உள்ள கொண்டுவர அதுல ஒரே ஒரு ஆளைக் கூட்டிட்டு வா. நான் கோடு போட்டு வெச்சிருக்கேன்."