நாலு பேரைக் கேட்ட ஆள்காட்டி

அந்தக் காலத்தில் பறப்பன, ஊர்வன எல்லாவற்றுக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் வம்பும் இருந்தது. அப்போது ஆள்காட்டிக் குருவிகள் ஆற்றங்கரை மருத மரங்களில் கூடு கட்டிக் குடியிருந்தன. அவற்றின் முட்டைகள் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். அந்தக் குலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரியமானாலும் நாலு பேரைக் கேட்காமல் ஒரு துரும்பைக்கூட எடுத்து வைக்க மாட்டார்கள். அடைமழையில் நனைந்துகொண்டே போய், நாலாவது வீட்டிலும் கேட்டுவிட்டுத்தான் தங்கள் கூட்டுக்குள் ஒதுங்குவார்கள். கரையில் அக்கம்பக்கத்துக்குக் குறைவில்லை என்பதால் அந்த வழக்கம் யாரையும் கெடுத்துவிடவில்லை.

ஒரு கோடையில் கரை முழுக்கத் தீப்பிடித்தது. மஞ்சணத்தி என்ற ஆள்காட்டியும் அவள் புருஷன் செங்கண்ணனும் புகைக்குள் திசை தப்பிப் பறந்து, முன்பின் தெரியாத ஒரு பொட்டல் காட்டில் வந்து விழுந்தார்கள். சரளைக் கல்லும், அங்கொன்றும் இங்கொன்றுமாக உடைமரமும்தான் அங்கே இருந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சணத்தி நிறைசூலி. வயிற்றுக்குள் முட்டை புரள்வது அவளுக்கே தெரிந்தது.

செங்கண்ணன் பக்கத்து உடைமரத்தைக் காட்டி, அதன் அடியில் நாலு குச்சியைப் போட்டு உட்கார்ந்துவிடலாம் என்றான். மஞ்சணத்திக்கு அது பொறுக்கவில்லை. வந்த இடத்தில் வழக்கத்தை விட்டுவிட்டால் பிறக்கிற பிள்ளைகள் விளங்குமா என்று கேட்டாள்.

"கேக்குறதுக்கு இங்க ஊரா இருக்கு?" என்றான் அவன்.

"இருக்கிறவுகளக் கேட்டுட்டு வாரேன்" என்று அவள் ஓடத் தொடங்கிவிட்டாள்.

முதலில் ஒரு எறும்பு அகப்பட்டது. அது நின்று பேசக்கூட இல்லை. முதலில் இரை சேர்த்து வை, மற்றதெல்லாம் அப்புறம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனது. சரி என்று மஞ்சணத்தி மூன்றடி ஓடிப் புழு தேடினாள். உடனே சந்தேகம் வந்து நின்றுவிட்டாள். இன்னும் மூன்று பேரைக் கேட்க வேண்டுமே.

பாறைச் சந்தில் ஒரு தேரை இருந்தது. தண்ணீர்தான் முதல் என்றது அது. பாறைக்குப் பின்னால் சேற்று ஊற்று ஒன்று கசிவதாகவும் சொன்னது. மஞ்சணத்தி மூன்றடி ஓடினாள், நின்றாள், திரும்பினாள். அதற்குள் ஒரு முயல் குறுக்கே வந்தது. முதலில் தப்பி ஓட வழி பார்த்துக்கொள், எதிரி வந்தால் அவன் உன் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருகிற மாதிரித் தள்ளி ஓடிக் காட்டு என்று சொல்லிவிட்டுக் காதை ஆட்டியது. மூன்றும் சரியாகத்தான் பட்டன. எதை முதலில் செய்வது என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

நாலாவது ஆளாக வாய்த்தது, பாறை இடுக்கு நிழலில் படுத்திருந்த ஒரு உடும்பு. முட்டை தின்னும் ஜாதி. மஞ்சணத்தி எட்டவே நின்று கேட்டாள்.

உடும்பு கண்ணைத் திறக்காமலே சொன்னது: "இந்த வெயிலுக்கு மொதல்ல நெழல்ல ஒதுங்கு தாயி. தாகம் பொழுது சாயுற மட்டும் தாங்கும். பசி ரெண்டு நாளும் தாங்கும். வெயில் ஒரு நாழி தாங்காது."

நிழலில் உட்கார வைத்துவிட்டு முட்டையைத் தின்னப் பார்க்கிறான் என்று மஞ்சணத்திக்குப் பட்டது. அந்தப் பயத்திலும் ஒரு நியாயம் இருந்தது. நிழலை விட்டு விலகி, வெட்டவெளியிலேயே திரும்பி ஓடினாள். மூன்றடி, ஒரு நிறுத்தம். மறுபடி மூன்றடி. உடைமரத்துக்குப் பத்தடி இருக்கும்போது கால் மடங்கியது. கொதிக்கிற சரளையிலேயே நாலு முட்டையும் விழுந்துவிட்டன.

முட்டைகளை மர நிழலுக்கு உருட்டிப் பார்த்தாள், சரளையில் சிக்கி நகரவில்லை. அலகு சுட்டது. உடும்பு பொய் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் யாரையும் கேட்கவில்லை. சிறகை விரித்து முட்டைகளின் மேல் குடையாக நின்றாள். முதுகு பொசுங்கியது, அவள் நகரவில்லை.

செங்கண்ணன் ஓடி வந்தான். என்ன செய்யட்டும் என்று கேட்டான்.

"பாறைக்குப் பின்னால ஊத்து இருக்கு. போய் வயித்த நனச்சுட்டு வாங்க" என்றாள் அவள்.

அவன் சேற்று ஊற்றில் விழுந்து புரண்டு, வயிற்று இறகெல்லாம் ஈரமாக வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தான். காய்ந்ததும் மறுபடி போனான். பொழுது சாய்கிற வரை இருவரும் மாறி மாறி நின்றார்கள், நனைந்தார்கள். இரையைப் பற்றி இரண்டு பேருக்கும் நினைப்பே வரவில்லை.

வெயில் தணிந்ததும் உடும்பு பாறையிலிருந்து இறங்கி வந்தது. நல்ல புத்தி சொன்னதென்றாலும் அதற்கும் வயிறு இருந்தது. மஞ்சணத்தி முட்டைகளை விட்டுத் தள்ளி ஓடினாள். சிறகைத் தொங்கவிட்டு, காடே அதிரக் கத்தினாள். அங்கேதான் முட்டை இருக்கிறது என்று உடும்பு அவள் பின்னால் போனது. ஒன்றும் இல்லை. திரும்பி வந்து சரளை முழுக்க நக்கிப் பார்த்தது. செங்கண்ணனின் வயிற்றுச் சேறு முட்டைகளில் திட்டுத் திட்டாக ஒட்டிக் காய்ந்ததில் முட்டைக்கும் கல்லுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. சலித்துப் போய்விட்டது.

இருபத்தெட்டாம் நாள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. நாலாவது முட்டை திறக்கவில்லை. தான் ஓடிக்கொண்டிருந்த நேரத்துக்கு விலையாக அந்த ஒன்று போயிற்று என்று மஞ்சணத்திக்குத் தெரியும். குஞ்சுகளை நிழலுக்கு அனுப்பிவிட்டு, அந்த முட்டையின் மேல் மட்டும் இன்னும் ஒரு பகல் முழுக்கச் சிறகு விரித்து நின்றாள்.

அன்று முதல்தான் ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெறும் சரளையில் சேற்றுப் புள்ளி முட்டையிட்டு, வயிற்றை நனைத்து வந்து காக்கிறது, ஆள் வாடை பட்டால் தள்ளி நின்று கத்துகிறது. யாரையும் எதையும் கேட்பதில்லை. ஆனாலும் இன்றைக்கும் மூன்றடி ஓடினால் ஒரு கணம் நின்றுவிடுகிறது.