மொக்கராசு அடை வச்ச கோழி

கண்ணை மூடிக்கிட்டே கேக்கணும், சரியா? பெரியம்மா மேல காலைப் போடாத, கனக்குது. நடுநடுவுல "ம்" மட்டும் சொல்லு, போதும்.

மலையடிவாரத்துல ஒரு ஊரு, அந்த ஊர்ல ஒரு ஆளு. பேரு மொக்கராசு. கிணறு வெட்டுற வேலை. கிணத்துக்கு உள்ள நின்னு மேல இருக்கிற ஆளுகிட்டப் பேசிப் பேசி, அவரு ரகசியம் சொன்னாலே மூணு தெருவுக்குக் கேக்கும். மீசை இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும். கல்யாணம் கட்டலை. வீட்டுல அவரும் ஒரு கோழியும்தான். கோழி பேரு செவத்தி.

வேலிக்கு அந்தப் பக்கம் அவரோட கூடப்பொறந்த அக்கா ஒச்சம்மா வீடு. ஆனா ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கோயில் கிடாவெட்டுல அக்கா இவரு இலையில வெறும் எலும்பாப் போட்டுட்டாளாம். இலையைப் பார்த்தாரு, எந்திரிச்சாரு, வந்துட்டாரு. அன்னையில இருந்து வேலிக்கு அங்கிட்டு ஒருத்தி, இங்கிட்டு ஒருத்தரு.

அதுக்குப் போயா பேசலைன்னு கேக்குறியா? அதுக்குத்தான். பெரியவங்க அப்படித்தான் இருப்பாங்க. நீ கேளு.

ம்.

அப்போ ஒரு நாள் செவத்தி முட்டை போட்ட இடத்தை விட்டு எந்திரிக்கவே இல்லை. கையை நீட்டினா பந்து மாதிரி உப்பிக்கிட்டு கொர்ர்ர்ங்குது, நறுக்குன்னு கொத்துது. என்னடா இதுன்னு டீக்கடையில போய்க் கேட்டாரு. அது அடைக்கு வந்துருச்சுப்பான்னாங்க.

இல்லை தங்கம், தின்ற அடை இல்லை. முட்டை மேல உக்காந்து சூடு குடுத்துக் குஞ்சு பொரிக்கிற அடை.

அப்புறம் மொக்கராசு ஒரு பழைய கூடையில மணலைப் பரப்பி, மேல வைக்கோலைப் போட்டு, பத்துப் பன்னெண்டு முட்டையை அடுக்கினாரு. இடி இடிச்சா முட்டை கலங்கிரும், கூடையில ஒரு இரும்பு போட்டு வைன்னு யாரோ சொன்னாங்க. இவரு வீட்டுல இருந்த கடப்பாரையையே தூக்கிச் சொருகிட்டாரு. செவத்திக்கு உக்கார இடமில்லை. அது கூடையைச் சுத்திச் சுத்தி வந்து இவரையே பார்த்துச்சு. அப்புறம்தான் கடப்பாரையை எடுத்துட்டு ஒரு ஆணியைப் போட்டாரு.

இடிக்கே கலங்கும்னா என் தொண்டைக்குக் கலங்காதான்னு அவருக்கு ஒரு யோசனை. அன்னையில இருந்து வீட்டுக்குள்ள குசுகுசுன்னுதான் பேச்சு. தும்மல் வந்தா துண்டை வாயில அமுக்கிக்கிட்டு தெருக்கோடிக்கு ஓடுவாரு. அங்க போய்த்தான் அச்ச்ச்சூ. பழகிப்போய் டீக்கடையிலயும் குசுகுசுன்னு டீ கேட்டாரு. ஐயோ பாவம், மொக்கராசுக்குத் தொண்டை போச்சுன்னு ஊரே பேசிக்கிச்சு. எதுத்த வீட்டுக்காரி சுக்குக் கசாயம் வச்சுக் கொண்டாந்தா. கோழிக்காகத்தான் மெதுவாப் பேசுறேன்னு சொல்ல வெக்கம். மடக் மடக்குன்னு வாங்கிக் குடிச்சுட்டாரு.

ம்.

அப்புறம் மூணு வாரம் கழிச்சு ஒரு காலையில, டிக். டிக் டிக். முட்டையில சின்னதா ஒரு விரிசல். அதுல இருந்து ஒரு மூக்கு. அப்புறம் கீச். மொக்கராசு தரையில குப்புறப் படுத்துக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தாரு. ஈரமா, கொழகொழன்னு ஒண்ணு வெளிய விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல காஞ்சு, பஞ்சு உருண்டை ஆயிருச்சு. ஒண்ணு, ரெண்டுன்னு ஏழு வந்துச்சு.

மிச்ச முட்டையில சத்தமே இல்லை. காதுல வச்சு ஆட்டினாரு. கொளக் கொளக். இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்னு இன்னொரு தடவை ஆட்டினாரு. டப். கூமுட்டை. மீசை பூரா ஒழுகுது. அந்த நாத்தம் இருக்கே, தெரு நாய் கூட எந்திரிச்சுத் தள்ளிப் போய்ப் படுத்துச்சு. சீயக்காய் போட்டுத் தேச்சும் போகலை.

சிரிக்காத, தூக்கம் கலைஞ்சிரும்.

ஆனா அவருக்குச் சிரிப்பு வரலை. அந்த முட்டைகளைக் கொல்லையில குழி தோண்டிப் போட்டாரு. கிணறு வெட்டுற ஆளில்லையா, குழி இடுப்பளவு ஆயிருச்சு.

அப்புறம் குஞ்சுக வெளிய மேய வந்துச்சுக. செவத்தி கொக்கொக்குன்னு முன்னாடி, அதுக கீச் கீச்சுன்னு பின்னாடி. அப்போ மேல இருந்து சொய்ய்ங்னு ஒரு பருந்து. மொக்கராசு துண்டைச் சுழட்டி வீசினாரு. துண்டு போய் வேப்பமர உச்சியில மாட்டிக்கிச்சு. பருந்து ஒரு குஞ்சைத் தூக்கிட்டுப் போயிருச்சு. நல்லாக் கொழுத்த பருந்து, அவசரமே படலை.

ம்.

அப்புறம், ஒரு மத்தியானம் கீரி வந்துச்சு. மொக்கராசு தண்ணி எடுக்கப் போயிருந்தாரு. திரும்பி வந்து பார்த்தா கொல்லை பூரா செவப்பு இறகு. செவத்தி வேலியோரம் ரெண்டு றெக்கையையும் விரிச்சுக் கிடக்குது. கீரி ஓடிருச்சு, ஆனா கழுத்துல கடிச்சுட்டுத்தான் ஓடியிருக்குது.

ஆமா தங்கம். செத்துப்போச்சு.

அவரு மெதுவா அந்த றெக்கையைத் தூக்கினாரு. அடியில கீச். ஆறு குஞ்சும் அப்படியே இருக்குதுக. ஒண்ணைக்கூட அது விடலை.

அந்த வழியாப் போன ஒருத்தரு, கோழி வீணாப் போகுதே, குழம்பு வைக்கலாமேன்னாரு. மொக்கராசு சும்மா ஒரு பார்வை பார்த்தாரு. அந்தாளு வந்த வழியே போயிட்டாரு. மொக்கராசு செவத்தியை எலுமிச்சை மரத்தடியில புதைச்சுட்டு அங்கயே உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரத்துல கால்ல என்னமோ ஊருது. ஆறும் வந்து அவரு வேட்டிக்குள்ள புகுந்துக்கிச்சுக.

சரின்னு அவரே கோழியானாரு. கொக்கொக்குன்னு கூப்பிடப் பழகினாரு. நொய்யரிசியைத் தூவி, விரல் நுனியால கொத்திக் கொத்திக் காமிச்சாரு. கால் பெருவிரலால மண்ணைக் கிளறினாரு. டீக்கடைக்குப் போனா பின்னாடியே ஆறு. இவரு நின்னா அதுக நிக்கும். இவரு குத்தவச்சு உக்காந்தா அதுக உள்ள புகுந்துக்கும், அப்புறம் அவரால எந்திரிக்க முடியாது. குத்தவச்ச வாக்குலயே டீயைக் குடிப்பாரு. ஒரு மாமா இதைப் பார்த்துட்டு, எப்ப முட்டை போடப் போறேன்னு கேட்டாரு. மொக்கராசு டீயைக் குடிச்சு முடிச்சாரு.

ம்... ம்.

அப்போ மழை பிடிச்சுக்கிச்சு. குளிர்காத்து விர்ருன்னு. குஞ்சுகளை மடியில வச்சாரு, துண்டைப் போத்தினாரு, கங்கு போட்ட சட்டியைப் பக்கத்துல வச்சாரு. அப்படியும் ஒண்ணு வெறைச்சுப்போய்த் தலையைத் தொங்கப் போட்டுருச்சு. அதை உள்ளங்கையில வச்சு ஊதி ஊதிப் பார்த்தாரு. பாறையை உடைக்கிற கை. என்ன செஞ்சும் அது கண்ணைத் திறக்கலை. அப்பத்தான் அவருக்கு விளங்குச்சு. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் ஒரு றெக்கை இல்லையே.

இங்க இப்படி இருக்க, வேலிக்கு அங்கிட்டு ஒச்சம்மா வீட்டுலயும் ஒரு அடைக்கோழி. கருப்பின்னு பேரு. வெயில்ல கிடந்த முட்டையை வச்சதுல எல்லாமே கூமுட்டை. தூக்கிப் போட்டாச்சு. கருப்பி மட்டும் வெறும் சட்டியை விட்டு எந்திரிக்கலை. இரை எடுக்கலை. தேங்காய்ச் சிரட்டையைத் தள்ளித் தள்ளி அடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்குது.

ஒச்சம்மாவுக்கு எல்லாம் தெரியும். வேலியில ஓட்டை எதுக்கு இருக்குது? ஆனா தம்பிகிட்ட எப்படிப் பேசுறது? கோழிகிட்டப் பேசினா. இந்தாடி கருப்பி, சில வீட்டுல தாய் இல்லாமக் குளிருல சாகுதுக, உனக்குப் பிள்ளை இல்லை, கேக்க நாதியில்லைன்னு, வேலிக்குக் கேக்குற மாதிரி சொன்னா. மொக்கராசு குஞ்சுகிட்டப் பேசினாரு. சில பேரு வாயைத் திறந்து வான்னு சொன்னா வரமாட்டோமா கண்ணுகளான்னாரு. இப்படியே கொஞ்ச நேரம் கோழியும் குஞ்சும் முழிக்குதுக.

அப்புறம் பொழுது அடையுற நேரம். மழை தூறுது. மடியில இன்னொண்ணு நடுங்க ஆரம்பிச்சுச்சு. மொக்கராசு எந்திரிச்சாரு. அஞ்சையும் கூடையில வச்சு, துண்டை மூடி, வேலியைச் சுத்திக்கூடப் போகலை. வேலியைப் பிச்சுக்கிட்டே போய் வாசல்ல நின்னாரு.

"அக்கா."

ஒச்சம்மா நிமிர்ந்து பார்த்தா. நனைஞ்சு நிக்கிறாரு. மீசையில தண்ணி சொட்டுது.

"இதுக செத்துருமோன்னு இருக்குக்கா."

"கூடையை இங்க குடு. விளக்கை அங்கிட்டு நகட்டி வை, கோழிக்குத் தெரியக் கூடாது."

ஒச்சம்மா சிரட்டையை மெதுவா உருவினா. ஒரு குஞ்சை உள்ளங்கையில மறைச்சு, கருப்பிக்கு அடியில தள்ளினா. கருப்பி கொர்ர்ர்ன்னுச்சு. ரெண்டு பேரும் மூச்சு விடலை. பிடிக்கலைன்னா கொத்தியே கொன்னுருமே. அப்போ அடியில இருந்து குஞ்சு கீச்சுன்னுச்சு. கருப்பி தலையைச் சாய்ச்சு அடியில பார்த்துச்சு. திரும்பவும் கீச். கருப்பி கொர்ரை நிறுத்துச்சு. மெதுவா, கொக். கொக். றெக்கையை லேசாத் தூக்கி, மூக்கால அதை இன்னும் உள்ள இழுத்துக்கிச்சு.

மிச்ச நாலையும் மொக்கராசே வச்சாரு.

மறுநாள் காலையில வந்து, ஆசையாக் குத்தவச்சு, கொக்கொக்குன்னு கூப்பிட்டாரு. ஒண்ணும் திரும்பிப் பாக்கலை. கருப்பிதான் பார்த்துச்சு. உப்பிக்கிட்டு ஓடிவந்து முழங்கால்ல நறுக், கெண்டைக்கால்ல நறுக். வேட்டியைத் தூக்கிக்கிட்டு முற்றத்தை மூணு சுத்துச் சுத்தினாரு. ஒச்சம்மா தூணைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா, சிரிப்பு தாங்கலை.

அப்புறம் மூச்சு வாங்கிக்கிட்டு அக்கா பக்கத்துல வந்து உக்காந்தாரு. குஞ்சுக கருப்பி முதுகுல ஏறிச் சறுக்கி விளையாடுதுக.

"ஒரு ராத்திரியில உன்னை மறந்துருச்சுகளேடா" அப்படின்னா ஒச்சம்மா.

"மறக்கட்டும்க்கா. அதுகளுக்குச் சூடு இருந்தாப் போதும்."

சொல்லிட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஒச்சம்மா உள்ள போய் ரெண்டு கும்பாவுல கஞ்சி ஊத்திக் கொண்டாந்தா. ஒரு கையில கும்பா, ஒரு கையில கம்பு, ரெண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கிட்டே குடிச்சாங்க. பருந்து வந்துச்சு, பார்த்துச்சு, ரெண்டு கம்பையும் கருப்பியையும் பார்த்துட்டு வேற ஊருக்குப் போயிருச்சு.

ம்?

இன்னும் முழிச்சிருக்கியா? அவ்வளவுதான். கருப்பி உக்காந்தாச்சு, அஞ்சும் றெக்கைக்குள்ள போயாச்சு, மேல கூடையும் கவுத்தாச்சு. கதையும் அடைஞ்சிருச்சு. நீயும் போர்வைக்குள்ள அடைஞ்சுக்க.