நீர்நாய் அணிக்காகப் பாடிய தையல்சிட்டு

இந்தக் கதையை யாரும் எனக்கு நேராகச் சொல்லவில்லை. பேருந்தில் முன் இருக்கையில் இருந்த ஒருவர் தன் மகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கும் அதை யாரோ சொன்னார்களாம். காதில் விழுந்தவரை சொல்கிறேன்.

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் இழையன் என்ற தையல்சிட்டு வாழ்ந்தது. அதன் மனைவி பூஞ்சிறகி, அத்திக் கன்றின் இரண்டு அகன்ற இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருந்தது. பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டுவந்து கொடுப்பது இழையனின் வேலை. பாடிக்கொண்டேதான் வேலை செய்யும். புழு பிடிக்க ஒரு பாட்டு, நூல் இழுக்க ஒரு பாட்டு, சும்மா இருந்தால் அதற்கும் ஒரு பாட்டு.

அந்தக் கரையில் மாலைதோறும் பந்தாட்டம் நடக்கும். கூழாங்கல்லின் மேல் கொடியைச் சுற்றிச் சுற்றிப் பின்னியதுதான் பந்து. ஒருவர் பந்தை எறிவார். எதிரணிக்காரர் அதைத் தடியால் அடித்துவிட்டு, கரையில் குறித்துவைத்த நான்கு மரங்களையும் தொட்டுக்கொண்டு ஓடிவர வேண்டும். அதற்குள் எறிந்த அணி பந்தைத் தேடி எடுத்துக் கரைப் பாறைமேல் வைத்துவிட்டால் அடித்தவர் அவுட்.

குரங்கு அணி அடிப்பதில் கெட்டி. பந்தைக் குளத்தின் நடுவுக்கே அனுப்பிவிடும். நீர்நாய் அணி முங்கி எடுப்பதில் கெட்டி. இழையனுக்கு நீர்நாய் அணி என்றால் உயிர். ஏன் அந்த அணி என்று கேட்டால் அதற்கே சொல்லத் தெரியாது.

ஒருநாள் நீர்நாய் அணி தோற்கும் நிலையில் இருந்தது. பந்து குளத்தில் விழுந்தது. அணித்தலைவி மூக்காயி முங்கியது. அந்த நேரம் பார்த்து, புங்கமரக் கிளையின் நுனியில் இருந்த இழையன் தன் பாட்டின் உச்சியை எட்டி, மூச்சு தீரும்வரை இழுத்துப் பாடியது. மூக்காயி பந்தோடு மேலே வந்தது. வெற்றி!

அடுத்த நாளும் அதே கிளை, அதே பாட்டு, வெற்றி. அதற்கடுத்த நாள் இழையன் பஞ்சு தேடிப் போயிருந்தது. தோல்வி.

“ஓகோ,” என்று இழையன் தலையைச் சாய்த்து யோசித்தது. “அப்படியானால் எல்லாம் என் தொண்டையில்தான் இருக்கிறது.”

அன்றுமுதல் ஆட்டம் என்றால் அந்தக் கிளைதான். காலை மாற்றி ஊன்றினாலும் ஆட்டம் மாறிவிடும் என்று பயந்தது. எறும்பு முதுகில் ஏறிக் கடித்தாலும் அசையவில்லை. புழுப் பாட்டும் நூல் பாட்டும் நின்றுபோயின. ஆட்டத்துக்காகத் தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டாமா?

பக்கத்துக் கிளையில் ஒரு மைனா இருந்தது. அது குரங்கு அணியின் பக்கம்.

“என்ன மாப்பிள்ளே, அணியில உனக்கு எந்த இடம்? கிளைக் காவலா?” என்று கேட்டது.

“நான் பாடலைன்னா தோத்துடுவாங்க.”

“நானும்தான் குரங்குகளுக்காகத் தினம் வாலை ஆட்டுறேன். அப்புறம் அதுங்க ஏன் தோக்குதுங்க?”

“நீ தப்பா ஆட்டியிருப்பே,” என்றது இழையன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தது.

பூஞ்சிறகிக்கு வேறு கவலை.

“ஏங்க, தெற்குப் பக்கத் தையல் விட்டுக்கிட்டே வருது. உள்ளே மூணு முட்டை இருக்கு. நான் எழுந்து போனா குளிர்ந்துடும். நீங்க கொஞ்சம் நூல் கொண்டாங்களேன்.”

“ஆட்டம் முடியட்டும்.”

“நேத்தும் இதைத்தான் சொன்னீங்க.”

“நேத்து ஜெயிச்சோமா இல்லையா?”

“ஜெயிச்சாங்க. சரி, ஒண்ணு கேட்கிறேன். உங்க பாட்டாலதான் ஜெயிச்சோம்னு அவங்க யாராவது சொன்னாங்களா?”

யாரும் சொல்லவில்லை. இழையனும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள்? தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே கிளைக்குப் போனது.

அன்று அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். காலையிலிருந்தே மேகம் கட்டியிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் காற்று கிளம்பியது. கடைசிக் குரங்கு தடியோடு வந்து நின்றது. அதை அவுட் ஆக்கினால் நீர்நாய் அணிக்கு வெற்றி.

குரங்கு ஓங்கி அடித்தது. பந்து குளத்தின் நடுவே விழுந்தது. மூக்காயி முங்கியது.

குரங்கு தடியை ஓங்கியபோதே இழையன் பாடத் தொடங்கியிருந்தது. பாட்டு படிப்படியாக ஏறியது. உச்சிக்கு இன்னும் ஒரு படிதான் பாக்கி. அப்போது காற்றில் கிளை திரும்பியது; அத்திக் கன்று கண்ணில் பட்டது. கூட்டின் தெற்குப் பக்கம் பிளந்திருந்தது. ஒரு முட்டை விளிம்புக்கு வந்துவிட்டது. பூஞ்சிறகி இலையின் ஓரத்தை அலகால் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. அலகைத் திறந்தால் இலை போய்விடும். அதனால் கூப்பிடக்கூட முடியவில்லை.

பாடினால் ஆட்டம். பறந்தால் கூடு.

இழையன் பாட்டைப் பாதியில் விழுங்கிவிட்டுப் பறந்தது. வழியில் இருந்த சிலந்தி வலையை அப்படியே வாரிக்கொண்டது. முட்டையை மார்பால் உள்ளே தள்ளியது. இலையின் துளைகளில் நூலைக் கோத்து இழுத்து இறுக்கியது. பின்னால் குரங்குகளின் கூச்சல் வானத்தைத் தொட்டது. என்ன ஆயிற்று என்று அதற்குப் புரிந்தது. ஆனாலும் கடைசித் துளை முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பூஞ்சிறகி மெல்ல அலகை எடுத்தது. இலை நின்றது.

“தோத்துட்டாங்களா?” என்று கேட்டது.

“ஆமா.”

“உங்க தவிப்பு எனக்குத் தெரியுது. போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. மனசுல வெச்சுக்கிட்டே இருக்காதீங்க.”

மறுநாள் காலை இழையன் நீர்நாய்களின் பாறைக்குப் போனது. மூக்காயி மீன் தின்றுகொண்டிருந்தது.

“அக்கா, மன்னிச்சுடுங்க. நேத்து நீங்க முங்கின நேரத்துல பாட்டைப் பாதியில விட்டுட்டேன். அதனாலதான் தோத்தீங்க.”

மூக்காயி மெல்லுவதை நிறுத்தியது. “எந்தப் பாட்டு, தம்பி?”

“நீங்க முங்கும்போதெல்லாம் நான் உச்சியில பாடுவேனே!”

“முங்கினா நாங்க காதை மூடிக்குவோமே. திறந்து வெச்சா தண்ணி போயிடாதா? நேத்து பந்து பாசிக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. தோத்தோம், அவ்வளவுதான்.”

“அப்போ ஜெயிச்ச நாளெல்லாம்?”

“பந்து அடி மணல்ல விழுந்திருக்கும், சட்டுன்னு கிடைச்சிருக்கும்.”

அத்தனை நாள் பாடியதில் அந்த உச்சியை மூக்காயி ஒருமுறைகூடக் கேட்டதில்லை! இழையனுக்கு வெட்கமாக இருந்தது. அதே சமயம், முதுகிலிருந்து ஏதோ இறங்கியதுபோலவும் இருந்தது.

மூக்காயி மீனைக் கீழே வைத்தது. “நீ பாட ஆரம்பிக்கிறது மட்டும் கரையில இருக்கும்போது கேட்கும். நல்லா இருக்கும். அந்த உச்சி எப்படி இருக்கும்? இப்ப பாடேன். ஏய், எல்லாரும் கரைக்கு வாங்க.”

நீர்நாய்கள் ஒவ்வொன்றாய்த் தலையை உதறிக்கொண்டு கரையேறி உட்கார்ந்தன. இழையன் பாடியது. எந்தக் கிளை, எந்தக் கால் என்று அது பார்க்கவில்லை.

நமக்குப் பிடித்தவர்களின் வெற்றி தோல்வி அவர்கள் ஆட்டத்தில் இருக்கிறது, நம் கூடு மட்டுமே நம் கையில் இருக்கிறது.

மூக்காயி சொன்னதில் எனக்குச் சந்தேகம் இருந்ததால் பிறகு தேடிப் படித்துப் பார்த்தேன்: நீர்நாய்கள் முங்கும்போது காதையும் மூக்கையும் மூடிக்கொள்வது உண்மைதான்.